தோட்டவெளியில் நிற்கும் அந்த வேதக்கோயில் யாருடையது?

உங்கள் கடிதத்துக் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மிளகாய்த் தோட்டங்களுக்கும் பனங்காணிக்கும் நடுவே, கூரையில்லாமல் ஒரு சின்ன வேதக்கோயில், அதாவது கிறிஸ்தவ தேவாலயம், நிற்கிறது. பறங்கியர் (போர்த்துக்கேயர்) கட்டியது என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் காலம் என்பது மீதிப்பேரின் கட்சி. ஒரு பெரியவர் மட்டும், “அது இங்கிலீசுச் சபையாற்றை கோயில், சீ.எம்.எஸ். மிஷன்” என்றாராம். எது சரி, எப்போது கட்டியிருப்பார்கள், ஏன் கைவிட்டார்கள், உச்சிக் கூட்டில் தொங்கிய மணி எங்கே?

பெரியவர் சொன்னதுதான் சரி. அது அங்கிலிக்கன் கோயில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையினுடையது. சீ.எம்.எஸ். என்பது அந்தச் சபையின் மிஷனரிச் சங்கம். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கட்டப்பட்டது என்பது என் கணிப்பு. பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை பார்த்தும் பார்ப்பித்தும் காலம் கழித்தவன் நான். நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்துச் சொல்ல மனம் ஒப்பவில்லை, அதனால் போன கிழமை ஒரு விடியற்காலை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதலில் வாசலைப் பாருங்கள். ஊர்ச் சைவக் கோயில்களில் பெரும்பாலும் சுவாமி கிழக்கே பார்த்திருப்பார், வாசலும் கிழக்கில் இருக்கும், கும்பிடுகிறவர் மேற்கே பார்த்து நிற்பார். இந்தக் கோயிலில் அது தலைகீழ். வாசல் மேற்கில், பீடம் கிழக்கில், சபையார் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து முழந்தாளிட வேண்டும். திசைகாட்டி கொண்டுபோயிருந்தேன், சுவர் நேர் கிழக்குக்கு ஒரு விரற்கடைதான் தப்பியிருக்கிறது. ஒழுங்கை வடக்கில் ஓடுகிறது. ஒழுங்கைப் பக்கம் வாசல் வைத்திருந்தால் எல்லோருக்கும் வசதி. அப்படி வைக்காமல், காணியைச் சுற்றி நடந்துவந்து மேற்கால் நுழையும்படி கட்டியிருக்கிறார்கள். வசதியை விட்டுத் திசையைப் பிடித்தவர்கள் அங்கிலிக்கன் வழக்கம் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே போனால் இன்னொரு அடையாளம். சபையார் இருந்த நீள மண்டபம் ஒரு பெரிய கூர்வளைவில் முடிகிறது. அதற்கு அப்பால் அகலம் குறைந்த சின்ன அறை, மூன்று படி உயரத்தில். பீடம் இருந்த இடம் அதுதான். இரண்டாவது படியின் இரு அந்தங்களிலும் சதுரக் குழிகள் தெரிகின்றன. நற்கருணை வாங்க முழந்தாளிடும் மரக்கிராதியின் கால்கள் நின்ற குழிகள் அவை. அமெரிக்க மிஷன் கோயில் என்றால் இந்தத் தனி அறை பெரும்பாலும் இராது. அவர்களுக்குப் பிரசங்கம்தான் முக்கியம். நடுவில் ஒரு மேடை, அதில் பிரசங்க பீடம், அவ்வளவோடு முடிந்துவிடும். தென்கிழக்கு மூலையில் ஒட்டினாற்போல நிற்கும் சின்ன அறை, குருவானவர் அங்கி மாற்றுவது. மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் நிலத்தில் எண்கோண வடிவில் ஒரு தடம் இருக்கிறதே, அது ஞானஸ்நானத் தொட்டி நின்ற இடம். ஞானஸ்நானம் பெற்றுத்தான் ஒருவர் சபைக்குள் வருகிறார், ஆகவே தொட்டியும் வாசலடியில்.

பீடத்துக்குப் பின்சுவரில் இரண்டு நீள்சதுரங்கள் சற்று உள்வாங்கி இருப்பதை நீங்கள் படமெடுத்து, “இது என்ன அலுமாரியா?” என்று கேட்டிருந்தீர்கள். பத்துக் கற்பனையையும் விசுவாசப் பிரமாணத்தையும் எழுதிய பலகைகள் பதித்த இடமாக இருக்க வேண்டும். பழைய அங்கிலிக்கன் கோயில்களில் அப்படி மாட்டும் வழக்கம் உண்டு. கட்டளையைக் ‘கற்பனை’ என்று எழுதிய தமிழ் அது. இன்றைக்கு ஒரு பள்ளிப் பிள்ளையிடம் பத்துக் கற்பனை என்றால் பத்துக் கதை என்றுதான் விளங்கிக்கொள்ளும்.

சன்னல்கள் நீளமாக, ஒடுங்கி, மேலே இரண்டு கை கூப்பியதுபோலக் கூராக முடிகின்றன. இந்தக் கூர்வளைவு இங்கே வந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1830களிலும் 40களிலும் இங்கிலாந்தில், கோயில் என்றால் இடைக்காலத்துக் கோதிக் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் பிடிவாதமாகக் கிளம்பியது. கேம்பிரிட்ஜில் 1839இல் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உரோம, கிரேக்கத் தூண் வைத்த கோயிலைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. 1845இல் கொழும்புக்குத் தனி அங்கிலிக்கன் மறைமாவட்டம் அமைந்து ஜேம்ஸ் சாப்மன் முதல் ஆயராக வந்தபோது அந்த அலை உச்சத்தில் இருந்தது. பனியும் மழையும் சரிந்து விழவேண்டிய ஊரின் செங்குத்துக் கூரையும், வெளிச்சம் போதாத ஊரின் நீளச் சன்னலும் இப்படித்தான் பனங்காணிக்குள் வந்து சேர்ந்தன. எங்களுக்கு வெளிச்சம் போதாத குறையா?

ஆனால் கட்டியவர்கள் ஊர் மேசன்மார். காற்று அவர்களுக்குத் தெரியும். வடக்கிலும் தெற்கிலும் சன்னல்களை ஒன்றுக்கொன்று நேரெதிரே வைத்திருக்கிறார்கள். சோளகக் காற்று தெற்கால் நுழைந்து வடக்கால் வெளியேறும். காலை எட்டு மணிக்கு அந்தச் சன்னலடியில் நின்றேன். வெளியே தோட்டத்தில் வெயில் ஏறிவிட்டது, சுவரோரம் இன்னும் குளிர்மை. கூரை இல்லாமலே இப்படி என்றால், கூரை இருந்த காலத்தில் அது நல்ல ஒரு இருப்பிடம்.

இனிச் சுவர். வடக்குப் பக்கம் பூச்சு முழுதாகக் கழன்றுவிட்டது. வாடைக்காற்று மழையை அடிப்பது அந்தப் பக்கம்தானே. பூச்சுக்குள்ளிருந்து வெளியே தெரிவது முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். தேன்வதைபோலக் கண்கண்ணாக, ஒரு கல்லில் மூளைமடிப்பு மாதிரியும் இன்னொன்றில் நட்சத்திரம் நட்சத்திரமாகவும் கோலம் தெரியும். கடலுக்குள் உயிரோடு இருந்த பொருள் அது. கடலிலிருந்து எடுத்த ஈரத்தில் கோடாலியால் சீவலாம், காயக்காய இறுகும். சன்னல் வளைவுக்கு மட்டும் செங்கல் வைத்திருக்கிறார்கள். முருகைக்கல்லை ஆப்புப்போல ஒரே அளவில் வெட்டி வளைவு கட்டுவது வீண்வேலை என்று மேசனுக்குத் தெரியும். சுவர் நெடுகிலும் ஒரே மட்டத்தில் சின்னச் சதுர ஓட்டைகள் இருக்கின்றன, சாரமரம் செருகியவை. அவற்றில் இரண்டில் மைனா குடியிருக்கிறது.

சாந்தைக் கிள்ளிப் பார்த்தேன். சுண்ணாம்பும் மணலும், இடையிடையே நன்றாக வேகாமல் கிடந்த சிப்பித் துண்டும். சீமெந்து இல்லை. பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் விட்டு அரைத்த சாந்து என்று பழைய மேசன்மார் சொல்லுவார்கள். நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லுகிற ஆட்களையும் கண்டிருக்கிறேன், அதை நான் நம்பவில்லை.

சுவரின் தடிப்பு இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. இதைக் குறித்து வையுங்கள், பறங்கியர் கதைக்கு இது தேவைப்படும். வாசற்படி மட்டும் கருங்கல். யாழ்ப்பாணத்தில் கருங்கல் கிடையாது, நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆகவே அந்த ஒரு படிக்கல் எங்கிருந்தோ வண்டியிலோ வள்ளத்திலோ ஏறி வந்திருக்கிறது. அதற்குக் காசு கொடுத்தவர்கள் வாசற்படியை எவ்வளவு மதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கூரைதான் காலத்தைச் சொல்லுகிறது. மேற்குச் சுவரின் உச்சியில் ஒரே ஒரு பனந்தீராந்தி (கூரை உத்திரம்) இன்னும் குத்திக்கொண்டு நிற்கிறது, கறுத்து, இரும்புபோல. முற்றிய பனையின் வைரம், கறையான் கிட்டப்போகாது. (தீராந்தி என்ற சொல்லே பறங்கியர் விட்டுப்போனது. சன்னலும் மேசையும் அப்படித்தான். கோயில் அவர்களுடையது இல்லை என்றாலும் அதைப் பற்றிப் பேசும் சொற்களில் பாதி அவர்களுடையவை.) கீழே புல்லுக்குள் உடைந்த ஓடுகள் கிடந்தன. அரைக்குழாய்போல வளைந்த பீலி ஓடு இல்லை, தட்டையான கள்ளிக்கோட்டை ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் இந்த வகை ஓட்டுக்குத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதற்கு முந்திய யாழ்ப்பாணக் கூரையில் இந்த ஓடு இருக்க முடியாது. நீங்கள் அனுப்பிய ஓட்டுப் படத்தில் 1868 என்று எண் தெரிகிறது, அதையே கட்டிய ஆண்டு என்று எழுதியிருந்தீர்கள். அது ஓடு செய்த அல்புகேர்க் கம்பனி தொடங்கிய ஆண்டு. கம்பனிகள் தாங்கள் தொடங்கிய ஆண்டையே பிறகு பல காலமும் ஓட்டில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள் கனபேர், ஒரு காலத்தில் நானும். முதலில் பீலி ஓடு போட்டு, பிறகு கழற்றிவிட்டு இதைப் போட்டிருக்கவும் இடமுண்டு. ஆனால் தீராந்தி உட்கார்ந்த குழியின் சரிவு தட்டை ஓட்டுக்கு ஏற்ற சரிவாகவே இருக்கிறது. அதனால்தான் நூற்றாண்டின் இரண்டாம் பாதி என்றேன்.

சரி, பறங்கியர் கதை எங்கிருந்து வந்தது? அதற்கு நியாயமான காரணம் உண்டு. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்து ஊர்தோறும் கோயில் கட்டினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றையே எடுத்து, சுரூபங்களை அகற்றி, தங்கள் மதத்துக்குக் கோயிலும் பள்ளிக்கூடமுமாக்கினார்கள். அவர்களுடைய பாதிரி பால்தேயுஸ் அந்தக் கோயில்களைப் படமாகவே 1672இல் அச்சிட்டுவைத்தார். சங்கானையில் இடிந்து நிற்கும் கோயிலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தச் சுவரின் தடிப்பும் வட்ட வளைவும் வேறு உலகம். கோட்டைச்சுவர் கட்டிப் பழகிய கை அது. உங்கள் ஊர்க் கோயிலின் இரண்டடிச் சுவரை அதன் பக்கத்தில் வைத்தால் தட்டிமறைப்புப் போலத் தெரியும்.

ஆங்கிலேயர் 1795இல் வந்தார்கள். ஒல்லாந்தர் கோயில்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை போன்ற இடங்களின் பழைய கோயில்களும் வீடுகளும் அவர்கள் கைக்குப் போயின. வெஸ்லியன் மெதடிஸ்தர் அதற்கு இரண்டு வருஷம் முந்தியே வந்து பட்டினத்தில் ஊன்றிவிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் சீ.எம்.எஸ். மிஷன் இலங்கைக்கு வந்தது 1818இல். வந்த நால்வரில் ஜோசப் நைட் யாழ்ப்பாணம் வந்து நல்லூரில் இருந்தார். பெரிய பங்கெல்லாம் பிரிந்துபோன பிறகு வந்த ஆள். ஆகவே நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி என்று ஒரு சிறு வட்டத்துக்குள்தான் அவர்களுடைய வேலை. அந்த வட்டத்துக்குள் கிராமக் கோயில் வேண்டுமென்றால் பெரும்பாலும் புதிதாகத்தான் கட்டவேண்டியிருந்தது. உங்கள் ஊர்க் கோயில் அதன் விளைவு.

நைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தொடங்கிய தமிழ்-ஆங்கில அகராதி வேலை அவர் காலத்தில் முடியவில்லை. அது கைமாறிக் கைமாறி, 1862இல் வின்சுலோ அகராதியாக வந்தது. அங்கிலிக்கன் என்றாலே வெள்ளைக்காரப் பாதிரி என்று நினைக்கவும் வேண்டாம். தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர் கிறிஸ்தியான் தாவீது, நைட்டுக்கு முந்தியே யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர். 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபர் அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். அங்கிலிக்கன் குருத்துவம் பெற்ற முதல் தமிழர்களில் ஒருவர்.

நல்லூரைச் சொன்னால் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. முத்திரைச்சந்தியடியில் இன்று சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கும் இடத்தில்தான் அரசர் காலத்துக் கந்தசுவாமி கோயில் இருந்தது, 1621இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இந்த நினைவு ஊரில் எவருக்கும் மறக்கவில்லை. பழைய வேதக்கோயில் ஒன்றைக் கண்டதும் “பறங்கியர்” என்று வாய் தானாகச் சொல்லுவது அதனால்தான். உங்கள் கோயிலின் தென்சுவரில், அத்திவாரத்துக்குச் சற்று மேலே, மற்றவற்றைவிட நன்றாகப் பொழிந்த இரண்டு கல் இருக்கிறது. வேறெங்கோ இருந்து எடுத்துவந்து வைத்தவைபோலத்தான் படுகிறது. அதை வைத்துக் கட்டடம் முழுவதையும் பின்னுக்குத் தள்ள முடியாது.

பழமையைக் கூட்டிச் சொன்னால் கோயிலுக்கு மதிப்புக் கூடும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்திலும் இருந்தது. ஆசை விளங்குகிறது, அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே புராதனச் சின்னம் என்று வரையறுக்கிறது. கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள் அது. சீ.எம்.எஸ். வந்ததோ 1818. மூன்று வருஷத்தில் தவறிப்போனது! அவர்கள் கட்டிய எதுவும் தனியாக அறிவிக்கப்பட்டால்தான் பாதுகாப்புக்குள் வரும். ஆனால் பொய்யான ஆண்டோடு விண்ணப்பம் போனால், பார்க்க வரும் அதிகாரி அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு உண்மையான ஆண்டோடு போனாலும் காது கொடுக்க மாட்டார்.

இனி, ஏன் கைவிட்டார்கள். எல்லோரும் போரைத்தான் சொல்லுவார்கள். போர் கடைசியாக வந்தது. அதற்கு முந்தியே கோயில் மெலிந்துவிட்டது, அதற்குக் காரணம் பள்ளிக்கூடம்.

இந்தக் கிராமக் கோயில்கள் தனியே நின்றவை அல்ல. பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருக்கும், சில இடங்களில் கோயிலே கிழமை நாளில் பள்ளிக்கூடம். ஆசிரியர்தான் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை செபம் நடத்துவதும் அவரே, பாட்டுக்குச் சுருதி பிடிப்பது அவருடைய மனைவி, வாங்கில் இருப்பவர்களில் முக்கால்வாசி ஆசிரியர் குடும்பங்கள். குருவானவர் மாதத்தில் ஒருநாள் வந்து நற்கருணை கொடுப்பார். இதைப் படிப்புக்காக வந்த மதம் என்று ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே சைவர்கள் குறைசொன்னார்கள். 1848இல் அவர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியதே அதற்குப் பதிலாகத்தான். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது, முழு உண்மை இல்லை. மூன்று தலைமுறை அந்த வாங்கில் இருந்த குடும்பத்தைப் பார்த்துச் சம்பளத்துக்காக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தப் படிப்பே ஆட்களை ஊரைவிட்டுக் கொண்டுபோனது. இங்கிலீசு படித்த பிள்ளை கொழும்பில் கிளாக்கர், மலாயாவில் ரெயில்வே உத்தியோகம். பென்சனோடு திரும்பியவர்கள் பட்டினத்தில், சுண்டிக்குளிப் பக்கம் வீடு கட்டினார்கள். அங்கே பெரிய கோயில், சென் ஜோன்ஸ், சுண்டிக்குளி மகளிர் கல்லூரி எல்லாம் நடைதூரம். பிறகு 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்து உதவி பெறும் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. அதன் பிறகு ஆசிரியர் எந்த மதத்தவராகவும் வரலாம், எந்த ஊருக்கும் மாற்றலாம். அது நியாயமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆனால் கிராமக் கோயிலுக்கு அன்றைக்கே அடி விழுந்துவிட்டது. உபதேசியார் இல்லை, பாடுகிறவர்கள் இல்லை. மாதச் செபம் வருஷச் செபமாகிறது, பிறகு அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் கதவு திறக்கிறது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, அந்தக் கோயிலுக்குத் திறப்பு வைத்திருந்தவரும் நடந்திருப்பார். திரும்பி வந்த சனம் தங்கள் வீட்டுக் கூரையைத்தான் முதலில் பார்த்தது. யாருமில்லாத கூரையின் ஓடு வேறு கூரைகளுக்குப் போயிற்று. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, மழைக்கு முன்னால் ஓடு தேடி அலைந்தவர்களில் எங்கள் வீடும் ஒன்று. கூரை போன பிறகு சுண்ணாம்புச் சுவர் அதிக காலம் தாங்காது. மேலாலே மழை இறங்கும், கீழாலே உவர் ஏறும், நடுவில் அரசமரம் வேர்விடும். வடகிழக்கு மூலையில் இப்போது நிற்கும் அரசு என் தோளளவு.

அந்த அரசைப் பிடுங்கவேண்டாம். பிடுங்கினால் மூலை முழுதும் கையோடு வரும். அடியில் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருங்கள், வேர் உள்ளேயே செத்துவிடும். ஊர்ப் பொடியள் சேர்ந்து சீமெந்து பூசப்போவதாக எழுதியிருந்தீர்கள், அதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சீமெந்து விடாது. மூன்று மாரிக்குள் பூச்சும் அதோடு ஒட்டிய கல்லும் பாளமாக விழும். சுவர்த்தலையில் மட்டும் நாலு விரல் சுண்ணாம்புச் சாந்து போட்டு மழையை மறித்தால் இப்போதைக்குப் போதும். அதற்கும் முன்னால், காணி இன்னும் சபையாருடையதுதான், அனுமதி கேளுங்கள். வடக்கின் அங்கிலிக்கன் சபைகள் இன்றும் கொழும்பு மறைமாவட்டத்தோடுதான் இருக்கின்றன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது அதில் சேர்ந்தவர்கள் அமெரிக்க மிஷன் வழிவந்தவர்கள், ஆகவே வட்டுக்கோட்டையில் போய்க் கேட்டால் விடை கிடைக்காது. கட்டிய ஆண்டை எழுத்தில் காண வேண்டுமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கம் உதவும். மிஷனரிமார் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் இப்போது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

மணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேற்குச் சுவரின் உச்சியில் மணி தொங்கிய கூடு இன்னும் முழுதாக இருக்கிறது, இரண்டு தூணும் மேலே ஒரு சின்னக் கூர்வளைவுமாக. கீழே, வாசல் நிலைக்கு இடப்பக்கக் கல்லில், என் நெஞ்சளவு உயரத்தில், ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. கயிறு தேய்த்த பள்ளம். விரலை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அங்கால நின்று, “தம்பி, மணியைச் சண்டைக்கு முந்தியே வண்டிலில ஏத்திக்கொண்டு போட்டினம். எந்தக் கோயிலுக்கெண்டு எனக்கு இப்ப ஞாபகமில்லை” என்றார். சுற்றுவட்டாரக் கோயில்களில் தேடிப் பாருங்கள். மணியின் தோளிலோ விளிம்பிலோ வார்த்த ஆண்டும் வார்த்த பட்டறையின் பெயரும் இருக்கும். ஏணி ஒன்றும், விளிம்பைத் துடைக்க ஈரத்துணி ஒன்றும் கொண்டுபோங்கள்.